ஈயக் குண்டும் நகைத் தராசும்

சங்கரன்கோவிலில் எனக்கு நகைக்கடை. மில்லிகிராமை நம்பிப் பிழைக்கிறவன். என் மனைவி பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. பத்து மீட்டர் ஏர் ரைபிள் சுடுவாள். மாநிலப் போட்டியில் குறித்துவைத்திருக்கும் தகுதிப் புள்ளியை எட்டினால்தான் தேசியப் போட்டிக்குப் போகலாம். இரண்டு முறை கிட்டே போய்த் திரும்பியிருந்தாள். போன வருடம் எப்படியும் எட்டிவிடுவது என்று வெறியாக இருந்தாள்.

எங்கள் மாடியில் நீளமான ஹால் உண்டு. மேஜையில் மணல் மூட்டை போட்டு, அதன்மேல் துப்பாக்கியை வைத்து, எந்த டப்பாக் குண்டு தன் துப்பாக்கிக்கு ஒத்துவரும் என்று சோதித்துக்கொண்டிருந்தாள். அட்டையில் துளைகள் நெருங்கி விழ வேண்டும். எந்த டப்பாவை எடுத்தாலும் சிதறியே விழுந்தன. பாவம், சோர்ந்துபோனாள்.

நான் சும்மா இருப்பேனா? கடைத் தராசைத் தூக்கிவந்து, ஈயக் குண்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, ஒரே எடையுள்ளவற்றைத் தனியே பிரித்தேன். மறுநாள் பகலில் அவற்றைச் சுட்டாள். ஐந்தும் கிட்டத்தட்ட ஒரே துளை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியாட்டி? தங்கமோ ஈயமோ, எடைதான் எல்லாம்!"

"இருங்க. அஞ்சு குண்ட வச்சு முடிவு கட்டப்படாது" என்றாள். நான் கழித்துப்போட்ட குண்டுகளை எடுத்து வரிசையாகச் சுட்டாள். ஐந்தோடு நிறுத்தவில்லை, அட்டை அட்டையாகச் சுட்டாள். அவையும் அதே மாதிரி நெருங்கி விழுந்தன. என் முகம் தொங்கிப்போனது.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "தறிச் சத்தத்தையே காணோமே?"

அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தியிருந்தார்கள். பக்கத்துச் சுவருக்கு அப்பால் விசைத்தறிக் கூடம். அந்தச் சத்தத்திலேயே தூங்கி எழுகிற எங்கள் தெருக்காரர்களுக்கு அது காதில் விழுவதே இல்லை. கரண்ட் வந்து தறி ஓடத் தொடங்கியதும் மேஜையில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்தாள். தண்ணீர் நடுங்கியது. நான் பொறுக்கியெடுத்த அருமைக் குண்டுகளும் சிதறின.

"குண்டு மேல குத்தமில்லங்க. மேசை ஆடுது" என்றாள். கெட்டிக்காரி! அதன்பிறகு தறி நிற்கும் நேரங்களில் மட்டும் சோதித்தாள். ஒரு டப்பாக் குண்டு மட்டும் திரும்பத் திரும்ப நெருங்கி விழுந்தது. அதையே போட்டிக்குக் கொண்டுபோனோம்.

ஒரு புள்ளிக்கும் குறைவான வித்தியாசத்தில் தேசியப் போட்டி வாய்ப்பு போயிற்று. கடைசிக்கு முந்தைய குண்டு விலகிவிட்டது.

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி அழுதாள். நான் விளக்கு வெளிச்சம் சரியில்லை, ஏசி காற்று அடித்தது என்று ஊரையெல்லாம் திட்டிவிட்டு, "அந்த ஒரு குண்டு மட்டும் எடை கொறஞ்சிருக்கும்ட்டி" என்றேன்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"குண்டு நல்ல குண்டு. துப்பாக்கியும் நல்லாத்தான் இருக்கு. நான்தான் அவசரப்பட்டு அமுக்கிட்டேன். அத விட்டுட்டு வேற எதையாவது சரி பண்ணிக்கிட்டு இருந்தா, அடுத்த வருசமும் இப்படித்தான் அழுதுக்கிட்டு வரணும்."