ஒட்டடை தட்டாத வீடு

அக்கா மறைந்து இந்தப் பங்குனியோடு ஒரு வருஷம் ஆகிறது. இன்று வந்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் கொடுக்கும் மலரில் அக்காவைப் பற்றித் தம்பிதான் எழுதவேண்டும் என்று அத்தான் சொல்லிவிட்டார். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். ஒரே ஊரில் சேர்ந்தாற்போல் மூன்று மாதம் இருந்தது அபூர்வம். தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது அஞ்சுகிராமத்தில். அப்பா குத்தகைக்கு வயல் பயிரிட்டார். அம்மா போனபோது அக்காவுக்குப் பதினான்கு வயது, எனக்கு ஏழு. யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் மரச்சீனிக் கிழங்கே எங்கள் சாப்பாடு. அக்கா அதை நாலு விதமாகச் சமைப்பார். நாலும் ஒரே ருசிதான் என்று சொன்னால் அகப்பைக் காம்பால் முட்டியில் ஒன்று வைப்பார்.

சுதந்திரம் வந்த வருஷம் தோவாளையில் பூ விவசாயம் செய்யும் குடும்பத்தில் அக்காவைக் கட்டிக் கொடுத்தார்கள். மறு வருஷம் அப்பாவும் போய்விட்டார். நான் வீட்டைப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். குளச்சலில் மூட்டை தூக்கினேன். மலையில் தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டினேன். கொல்லத்தில் ஓட்டுச் சூளையில் மண் மிதித்தேன். வேலை கஷ்டம் என்று எங்கிருந்தும் ஓடவில்லை. எந்த இடமும் பழகியதும் கால் நிற்காது, அவ்வளவுதான்.

அத்தானின் வயலில் பிச்சியும் அரளியும் நின்றன. அது பிழைப்பு. அக்காவுக்கென்று இருந்தது அடுக்களைக்குப் பின்னால் உள்ள முற்றம். அங்கே செம்பருத்தியும் தெற்றியும் வைத்தார். மழை ஓய்ந்து தை பிறந்ததும் கொப்புகளை ஒடித்துவிட்டு, சாணி கரைத்து ஊற்றுவார். மாசியில் முற்றம் சிவப்பாகிவிடும். ஐப்பசி மழையோடு காணாமல் போன தேன்சிட்டுகள் அப்போது திரும்பி வரும். கட்டைவிரல் அளவு குருவி. பூவுக்குப் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு அலகை விட்டு உறிஞ்சும். கணவாய்க் காற்று ஆனியில் தொடங்கிப் பூவையெல்லாம் கிழித்துப் போடுவதற்குள் அவை கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பறந்தாக வேண்டும்.

பூ வைத்தால் மட்டும் குருவி கூடு கட்டாது என்பதை அக்கா கண்டுபிடித்திருந்தார். நாரையும் சருகையும் அது சிலந்தி வலையால்தான் ஒட்டுகிறது. அதனால் பொங்கலுக்கு வீடெல்லாம் வெள்ளையடித்தாலும் பின்பக்கத்து இறவாரத்தில் மட்டும் ஒட்டடை தட்ட விடமாட்டார். பாத்திரத்தில் முகம் பார்க்கலாம் என்ற அளவுக்குச் சுத்தம் பார்க்கும் அக்கா, அந்த ஒட்டடைக்காக வாங்கிய பேச்சு கொஞ்சமல்ல. அவருடைய மாமியார், நல்ல மனுஷிதான், ஒருநாள் என் முன்னால் கேட்டார்:

“ஏட்டி, இது மனுஷரு இருக்க வீடா, எட்டுக்காலி இருக்க வீடா?”

“ரெண்டும் இருந்துட்டுப் போட்டும் அத்தே. எட்டுக்காலி சோறா கேக்குது?”

மாமியாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்குப் பிள்ளை இரண்டு பிறந்து இரண்டும் தங்கவில்லை. அதைப் பற்றி அக்கா பேசி நான் கேட்டதில்லை.

நாலு வருஷத்துக்கு முன் தை மாதம் மலையிலிருந்து குளிர்காய்ச்சலோடு வந்து அக்கா வீட்டில் விழுந்தேன். ஒரு மாதம் கஞ்சியும் கஷாயமும் கொடுத்து எழுப்பிவிட்டார். எழுந்ததும் கால் அரிக்க ஆரம்பித்தது. கொச்சியில் துறைமுக வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்தவன் ஒருவன் சொல்லியனுப்பியிருந்தான். அக்கா அழவில்லை, தடுக்கவும் இல்லை. துணி காயப்போடும் கயிற்றின் நுனியைக் காட்டினார். நாலைந்து சருகு ஒட்டிக்கொண்டிருந்தது.

“கூடு கெட்டத் தொடங்கியாச்சு. குஞ்சு பறக்கது வரைக்கும் நில்லு மக்கா. பொறவு நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

நிற்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதற்குள் அத்தான் மூலம் எனக்கு ஒரு துண்டு நிலம் பிடித்து, ஒரு பெண்ணும் பார்த்து, என்னைத் தோவாளையில் ஊன்றிவிடலாம் என்பது அக்காவின் யோசனை. அது எனக்கும் தெரியும்.

அக்கா அந்தக் கயிற்றில் துணி போடுவதை நிறுத்தி வேலியில் காயப்போட்டார். குருவி ஒரு வலை, ஒரு நார் என்று கொண்டுவந்தது. நான் தினமும் போய்ப் பார்ப்பேன். அக்கா ஆசையோடு பார்த்தார், நான் அவசரத்தோடு பார்த்தேன். இருபது நாளாகியும் கூடு முடியவில்லை. இனி முட்டை, அடை, குஞ்சு, இறகு. இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். பெண் வீட்டார் வருகிற வெள்ளிக்கிழமை வருகிறார்கள் என்று அத்தான் சொன்னார்.

மறுநாள் காலை மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நான் மூங்கில் கம்பில் விளக்குமாற்றைக் கட்டி, பின்பக்கத்து இறவாரம் முழுக்க ஒட்டடை தட்டினேன். அதோடு கயிற்று நுனியில் தொங்கியதையும் தட்டினேன். வெளியாட்கள் வரும் வீடு, சுத்தமாக இருக்கட்டும் என்று செய்தேன், குப்பை என்று நினைத்தேன் என்று சொன்னேன். அக்கா இருந்தவரை அப்படித்தான் சொல்லி வந்தேன். உண்மை அதுவல்ல. கூட்டுக்குள் விரல் விட்டு, முட்டை இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் தட்டினேன்.

அக்கா வெளியே வந்து தரையைப் பார்த்தார்.

“ஒட்டடைண்ணு நெனச்சியா?” என்றார்.

“ஆமாக்கா.”

“செரி. பாத்தா அப்பிடித்தான் இருக்கும். வா, கஞ்சி ஆறுது.”

வெள்ளிக்கிழமைக்கு முன் நான் கிளம்பிவிட்டேன். குருவி அதுவரை அந்த வெறுங்கயிற்றில் வந்து உட்கார்ந்து உட்கார்ந்து போயிற்று.

அதன் பிறகும் வருஷத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டுக்கு வந்தேன். வந்த இடத்தில் யாராவது இருந்தால், “எந் தம்பிக்கு ஒட்டடைக்கும் கூட்டுக்கும் வித்தியாசம் தெரியாது” என்று சொல்லி அக்கா சிரிப்பார். நானும் சேர்ந்து சிரிப்பேன். இரண்டு நாளில் கிளம்பிவிடுவேன்.

போன வருஷம் மாசியில் அக்காவுக்கு வயிறு வீங்கி நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அத்தானின் கார்டு எனக்குக் கிடைத்தது. வந்து சேர்ந்தேன். அதன் பிறகு அக்கா நாலு நாள் இருந்தார். எப்போது போகிறாய் என்று கேட்டார். போகவில்லை என்றேன். நம்பாதது முகத்தில் தெரிந்தது. ஆனால் செடிக்குத் தண்ணீர் விடும் வேலையை என்னிடம் ஒப்படைத்தார். ஐந்தாம் நாள் விடியற்காலை அமைதியாகப் போய்விட்டார்.

பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் போன பிறகு, முற்றத்தில் வைத்து அத்தானிடம் அந்தக் கூட்டைப் பற்றிய உண்மையைச் சொன்னேன். அக்காவிடம் சொல்லாமல் போய்விட்டதே என்றேன். அத்தான் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

“அவளுக்குத் தெரியும் மாப்பிளே. நீ வெரல விட்டுப் பாத்தத அடுக்களை ஜன்னல் வழியாக் கண்டிருக்கா. அண்ணைக்கே எங்கிட்ட சொல்லியாச்சு.”

ஏன் என்னிடம் கேட்கவில்லை என்றேன்.

“நானும் அதத்தான் கேட்டேன். ‘தெரியாமச் செஞ்சான்னே இருக்கட்டும். நான் கண்டுட்டேன்னு தெரிஞ்சா அவன் பொறவு இந்த நடை ஏறமாட்டான்’னா. நீங்களும் வாயத் தொறக்கப்பிடாதுண்ணு சத்தியம் வாங்கிக்கிட்டா.”

அதன் பிறகு ஒரு வருஷமாக நான் தோவாளையில்தான் இருக்கிறேன். கால் அரிப்பு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். பஸ் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து நிற்கிறேன்.

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த அடுத்த வீட்டுப் பெண்களுக்கும், காலில் செருப்பில்லாமல் ஓடிப்போய் வண்டி கொண்டுவந்த பூச்சந்தைக்காரர்களுக்கும், மருமகளுக்குத் தன் கையால் கடைசிக் கஞ்சி புகட்டிய மாமியாருக்கும், இந்தக் கட்டுரையில் என் எழுத்துப் பிழைகளைத் திருத்தித் தந்த பள்ளிக்கூட வாத்தியாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தானுக்கு இரண்டு நன்றி: அந்த விஷயத்தை என்னிடம் சொன்னதற்கு ஒன்று, அக்கா இருந்த வரை சொல்லாமல் இருந்ததற்கு ஒன்று.