அருவியில் நனையாத கை

எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியாது. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்த பிறகு வீட்டில் இது பெரிய தொல்லையாகிவிட்டது. மோட்டாரைப் போட்டுவிட்டு மாடிக்கு ஏறுவேன், தொட்டி நிறையும் முன்பே இறங்கி வந்து அணைப்பேன். பூட்டிய கேட்டை இழுத்துப் பார்ப்பேன். "ஒரு கால் மணி நேரம் சும்மா உக்கார மாட்டீயளா? பார்க்குத எனக்கே தலை சுத்துது" என்பாள் மனைவி.

வீட்டில் ஒரு கிடார் இருந்தது, என் மகளுடையது. கல்லூரி நாளில் ஆசைப்பட்டு வாங்கியவள், சென்னைக்கு வேலைக்குப் போனபோது பீரோவின் மேல் விட்டுவிட்டுப் போயிருந்தாள். போனில் கூப்பிட்டால் என்னிடம் "சாப்பிட்டீயளா" என்று கேட்டு, "அம்மாட்ட குடுங்க" என்று முடித்துவிடுவாள். ஒரு நாள் அப்படி முடிக்கப் போனவளிடம் என்ன பேசுவதென்று தெரியாமல், "உன் கிடாரை நான் வாசிச்சுப் பார்க்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.  அந்தப் பக்கம் சிரித்தாள். "காலைல வீடியோல வாங்கப்பா, சொல்லித் தாரேன். தினம் கால் மணி நேரம்தான். அதுக்கு மேல வெரல் தாங்காது."

அவள் வளர்ந்த வருடங்களில் நான் எங்கெங்கோ எல்லையில் இருந்தேன். லீவில் பெட்டியோடு வந்து, பெட்டியோடு போகிற விருந்தாளி அவளுக்கு. எங்களுக்குள் பேச ஒன்றும் சேர்ந்திருக்கவில்லை. இப்போது தினமும் ஏழரை மணிக்கு, ஆபீஸுக்குக் கிளம்பும் முன், தலையைச் சீவிக்கொண்டே என்னைத் திட்டினாள். "காலை ஆட்டாதீங்க." "ஏன் பறக்கீய? பஸ்ஸா போயிரப் போவுது?" மேலதிகாரிகளிடம் வாங்காத திட்டையெல்லாம் அவளிடம் வாங்கினேன். மீதி நாள் முழுவதும் அடுத்த ஏழரைக்காகவே அலைந்துகொண்டிருந்தேன்.

கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனிகள் காய்த்துப்போக வேண்டும், காய்த்துவிட்டால் வலிக்காது என்று சொல்லியிருந்தாள். வைகாசி வெயிலில் நன்றாகவே காய்த்தன. கார்டு என்கிற விரல் பிடிகளில் மூன்று தட்டுத்தடுமாறி வந்தன. அதற்குள் அருவிச் சீசன் தொடங்கிச் சாரல் விழுந்தது, காய்த்த தோலும் உரிந்து வர ஆரம்பித்தது. பச்சைச் சதையில் கம்பி இறங்கினால் உயிர் போகிறது. ஈரக் காற்றில் கம்பிதான் கெட்டுவிட்டது என்று திருநெல்வேலிக்கு ஓடிப் புதுக் கம்பி வாங்கி வந்து போட்டேன். அப்படியும் உரிந்தது. எரிச்சலில் மனைவிமேல் பாய்ந்தேன். உள்ளே இருந்தது வெறும் பயம். இவருக்கு இது வராது என்று மகளுக்குத் தோன்றிவிட்டால் காலையில் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாளே.

"வெரலைக் காமிங்க" என்றாள் ஒரு நாள். நீட்டினேன். வெளுத்துச் சுருங்கி, ஊறிப்போன விரல்கள்.

"அருவில குளிச்சிட்டு நேரா வந்து உக்காருதீயளா?"

"சீசன்ல பின்ன எங்க குளிக்கச் சொல்லுத?"

"எண்ணெய் வேற தேச்சுக்கிட்டா?"

"எண்ணெய் தேய்க்காம அருவிக்கு எவனாவது போவானா ஏட்டி?"

நெற்றியில் அடித்துக்கொண்டாள். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து, அருவியில் ஆசை தீர ஊறி, அதே கையோடு கம்பியை அழுத்துகிற புத்தி எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் வரும். அதற்காகத் தண்ணீர் விழும்போது அருவிக்குப் போகாமல் இருக்கவும் எங்களால் முடியாது. மறுநாளிலிருந்து இடது கையில் பாலிதீன் பையை மாட்டி, மணிக்கட்டில் ரப்பர் பேண்டைச் சுற்றிக்கொண்டு ஐந்தருவியில் நின்றேன்.

"கையில தையலா அண்ணாச்சி?" என்று பக்கத்தில் நின்றவர் கேட்டார்.

"கிடார்" என்றேன். ஏதோ தொற்று வியாதி என்று நினைத்தாரோ என்னவோ, தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

தோல் மறுபடி காய்த்தது. மிச்சமிருந்தது எஃப் என்கிற பிடி. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தினாலும் விரலில் நாலு கோடுதான் பதியும், மற்ற இரண்டு கம்பிகள் ஊமையாகக் கிடக்கும். "அது மட்டும் வந்துட்டா பாட்டு முழுசா வந்துரும்ப்பா. அப்புறம் நான் எதுக்கு? நீங்களே வாசிச்சுக்கிடலாம்" என்றாள் மகள், சாதாரணமாக. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆடியில் லீவுக்கு வந்தாள். வந்த மறுநாள் காலை, அவள் தூங்கி எழும் முன் கிடாரை எடுத்து உட்கார்ந்தேன். எஃப் வந்துவிட்டது. ஆறு கம்பியும் சுத்தமாகப் பேசின. நம்ப முடியாமல் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் வந்தது. துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நானோ கிடாரை உறைக்குள் போட்டு மூடிவிட்டு, கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்க்கப் போனேன்.

அவள் எழுந்ததும் மூவருமாக ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு பஜ்ஜிக் கடை முன்னால் சேர்ந்தபோது மனைவி பஜ்ஜி வாங்கப் போனாள். மகள் என் கையிலிருந்த பாலிதீன் பையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் ரப்பர் பேண்டை அவளே கழற்றினாள்.

"எஃப் வந்துட்டாப்பா?"

"எங்க... இன்னும் வரல."

அவள் என் கையைத் திருப்பினாள். நனையாத ஆள்காட்டி விரலில், அடியிலிருந்து நுனிவரை, காலையில் அழுத்திய ஆறு கோடுகள் இன்னும் மறையாமல் ஒரே ஆழத்தில் பதிந்திருந்தன. கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தேன், விடவில்லை. கட்டைவிரலால் ஒவ்வொரு கோடாகத் தடவினாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஆமாப்பா, வரலதான்" என்றாள். "சென்னைக்குப் போனதும் ஏழரைக்குக் கூப்பிடுதேன்."