அப்புறம் மேடம்

பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு, "அப்புறம்?" என்கிறார் மேடம். எதிரே இருப்பவன் சொல்லி முடித்து அரை நிமிடம் ஆகிவிட்டது. இனி ஒன்றுமில்லை என்று உணவுப் பையின் ஜிப்பைக்கூட இழுத்து மூடிவிட்டான். இவர் விடுவதாக இல்லை. தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா பார்க்கிறார். அந்தச் சும்மாவைத் தாங்க முடியாமல் அவனே மறுபடி ஆரம்பிக்கிறான். பெற்ற தாயிடம் சொல்லாததெல்லாம் வெளியே வருகிறது.

நாங்கள் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர்கள். ஓட்டலின் பின்வாசலில், சுவரை ஒட்டிய சிமெண்ட் மேடைதான் எங்கள் இடம். ஆர்டர் வரும்வரை அங்கேதான் கிடப்போம். எட்டு மாதமாக இவரும் அங்கே ஒரு தக்காளிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். பல்கலைக்கழக ஆராய்ச்சியாம். காத்திருக்கிறவர்கள் எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயமாம். "இதுக்குப் பட்டம் தருவாங்கன்னா எனக்கு நாலு தரணுமே" என்றேன். சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

எதைத்தான் எழுதவில்லை! யார் யார் பக்கத்தில் உட்கார்கிறோம், யாருடைய சார்ஜரை யார் கேட்காமலே உருவலாம், கெட்ட வார்த்தை எந்த இடத்தில் செல்லம், எந்த இடத்தில் சண்டை, எல்லாம் நோட்டில் ஏறிவிடும். மதியம் ஒரு வாழைப்பழம், அதிலும் பாதி. மீதியைத் தோலோடு பையில் போட்டு மறந்துவிடுவார். அந்தப் பையைத் திறந்தால் பழ வாசனை குப்பென்று அடிக்கும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மேடையில் வைத்த ஹெல்மெட்டின் முகம் தெருவைப் பார்த்திருந்தால் அவனோடு பேசலாம், வம்பிழுக்கலாம். சுவரைப் பார்த்திருந்தால் அன்றைக்கு அவனிடம் எதுவும் கேட்கக் கூடாது. ஏன் என்றும் கேட்கக் கூடாது. வந்த இரண்டாம் நாளே, யாரோ தவறாக வைத்துவிட்டார்கள் என்று எண்ணி இவர் அப்படி ஒன்றைத் தெருப்பக்கம் திருப்பி வைத்தார். "என்னண்ணா, இன்னைக்கு நல்ல ஓட்டமா?" என்று விசாரிப்பு வேறு. அவனுக்கு அண்ணன் இறந்து மூன்றே நாள். அவன் ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். விஷயம் தெரிந்த பிறகு ஒரு வாரம் இவர் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பின்னால் உட்கார்ந்து எங்களோடு சுற்றுவதற்காக அப்புறம் தானும் ஒரு பச்சை ஹெல்மெட் வாங்கிக்கொண்டார். அது எப்போதும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

அந்த "அப்புறம்?" என்னையும் விடவில்லை. சாப்பாடு வந்து சேரவில்லை என்று யாரோ புகார் கொடுத்ததில் டெலிவரி ஆப்பில் என் ஐடியைக் கம்பெனி முடக்கிவிட்டது. நான் சொல்வதைக் கேட்க ஒரு நாதியில்லை. அதிலிருந்து மச்சான் ஐடியில் ஓட்டுகிறேன். காலையில் அவன் தன் முகத்தைக் காட்டிப் போனைத் திறந்து கொடுப்பான். பகலில் நான், சாயங்காலம் அவன். தெரிந்தால் இரண்டு குடும்பத்தின் பிழைப்பிலும் மண். இதை அவரிடம் உளறிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். "உங்க பேரை எங்கயும் எழுத மாட்டேண்ணா, சத்தியமா" என்றார்.

எழுதவும் இல்லை. போன வியாழக்கிழமை நோட்டு அவர் மடியில் திறந்து கிடந்தது, எட்டிப் பார்த்தேன். மேடையை அப்படியே வரைந்திருந்தார். வரிசையாக ஹெல்மெட்டுகள். என்னுடையதில் இடது காதோரம் உள்ள விரிசல், நெற்றியில் ஒட்டிய கிளி ஸ்டிக்கர், ஒன்றும் தப்பவில்லை. கீழே பொடி எழுத்தில், "மச்சான் ஐடி." (அந்தக் கிளியை இப்போது கிழித்தாயிற்று, யாரும் தேட வேண்டாம்.)

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, கிளியே காட்டிக் கொடுக்குதே, பேரு எதுக்கு?"

அவர் முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, இதை நான் யோசிக்கவே இல்லைண்ணா."

"யோசிக்கிறதுதானே உங்க வேலை?"

அவசரமாக ரப்பரைத் தேடிப் பைக்குள் கைவிட்டார். அதற்குள் கம்பெனி அதிகாரியின் வண்டி வந்து நின்றது.

அதிகாரி எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே கூடைக்கு முன்னால் வந்தார். "மேடம், உங்க அனுமதிக் கடிதம் இந்த மாசத்தோட முடியுது. நான் கையெழுத்துப் போட்டாத்தான் இனிமே இங்க உக்கார முடியும்."

"தெரியும் சார்."

"இங்க ஒருத்தன் அடுத்தவன் ஐடியில ஓட்டுறான்னு தகவல். யாருன்னு உங்களுக்குத் தெரியாம இருக்காது. அந்த நோட்டைக் கொஞ்சம் குடுங்க."

நோட்டை மூடிப் பைக்குள், அந்தப் பழத்தோலுக்கு அடியில் திணித்தார் மேடம்.

"எட்டு மாச உழைப்பு வீணாப் போயிடும் மேடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். யாரு?"

அதிகாரி தலையைச் சாய்த்துக்கொண்டு சும்மா பார்த்தார். எங்களிடமிருந்து எல்லாவற்றையும் பிடுங்கிய அதே சும்மா. அதை எவ்வளவு நேரம் தாங்குவது என்று எனக்குத்தானே தெரியும்!

மேடம் எழுந்தார். மேடைப் பக்கம் நடந்தார். கை என் கிளியை நோக்கித்தான் நீண்டது. செத்தேன் என்று நினைத்தேன். கை அதைத் தாண்டிப் போயிற்று. பக்கத்தில் இருந்த தன் பச்சை ஹெல்மெட்டை எடுத்து, அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.