எங்கள் அக்கா கரை சேர்த்தவர்கள்

அக்காவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அழுதுகொண்டு எழுதக் கூடாது என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். "அவ ஜெயிச்சுட்டுப் போனவ. அப்பிடியே எழுது" என்றார். தங்கையாகிய நான் அப்படியே எழுத முயல்கிறேன்.

அக்கா பிறந்தது கடலூர் முதுநகரை ஒட்டிய மீனவர் குப்பம் ஒன்றில். அப்பா பிறர் படகில் தொழிலுக்குப் போனவர். அம்மா கூடை சுமந்து மஞ்சக்குப்பம் தெருக்களில் மீன் விற்றவர். மீன் கூடையோடு பேருந்தில் ஏறினால் இறக்கிவிடுவார்கள். பள்ளியில் படிக்கும்போதே அக்கா ஒருநாள் படிக்கட்டில் நின்றுகொண்டு, "எறக்குங்க சார். ஆனா எந்தச் சட்டத்துல இருக்குன்னு சொல்லிட்டு எறக்குங்க" என்று நடத்துநரைக் கேட்டாராம். அவர் விசில் ஊதி வண்டியை எடுக்கச் சொன்னார். அன்று அம்மா உட்கார்ந்தே போய்ச் சேர்ந்தார். அக்காவுக்குச் சட்டத்தின் மேல் ஆசை வந்தது அந்தப் பேருந்தில்தான் என்று அப்பா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் தெருவில் கல்லூரிக்குப் போன முதல் பெண் அக்காதான். படித்து முடித்து, திருமணமும் ஆகி, 2004-ஆம் ஆண்டில் நன்னடத்தை அலுவலரின் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். அது என்ன வேலை என்று பலருக்கு இன்றும் தெரியாது. முதல் தடவையாகக் குற்றம் செய்து, அதை ஒப்புக்கொண்ட ஒருவரை உடனே சிறைக்கு அனுப்பாமல், ஒழுங்காக நடப்பேன் என்று எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்ப நீதிமன்றத்தால் முடியும். அப்படி அனுப்பலாமா என்று முடிவு செய்வதற்கு முன், அவருடைய வீடு எப்படி, ஊர் எப்படி என்று விசாரித்து அறிக்கை தர வேண்டும். அனுப்பிய பிறகு அவர் சொன்னபடி நடக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அலுவலர் ஒருவர், ஊர்களோ ஏராளம். காடாம்புலியூர் முந்திரித் தோப்பு முதல் மங்கலம்பேட்டை கடைத்தெரு வரை பேருந்திலும் நடந்தும் போய் விசாரித்தது அக்கா.

வேலையில் சேர்ந்த அந்த ஆண்டின் முடிவில்தான் கடல் எங்கள் குப்பத்துக்குள் வந்தது. உயிர் தப்பினோம், வீடு மிஞ்சவில்லை. கல்யாண மண்டபத்தில் எல்லோரோடும் தங்கியிருந்தபோது, அக்கா மாற்றுப் புடவைகூட இல்லாமல் மற்ற முகாம்களுக்குப் புறப்பட்டார்.

"நம்ம வீடே போயிடுச்சு, நீ கேஸுக்காரங்களத் தேடிப் போறியா?" என்று சித்தப்பா சத்தம் போட்டார்.

"அவுங்களுக்கும் வீடு போயிருக்கும்ல சித்தப்பா? நம்மளத் தேட நீங்க இருக்கீங்க. அவுங்களத் தேட யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார் அக்கா.

தன் பொறுப்பில் இருந்தவர்களைப் பற்றி அக்கா வீட்டில் வாய் திறந்ததே இல்லை. "அவுங்க மானம் என் கைல இருக்குடி" என்பார். ஆகவே நான் இங்கே எழுதப்போவது அக்கா சொன்னதல்ல. அது யாருக்கு நடந்ததோ அவரே, அக்கா போன பிறகு, எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னது. பெயரை மாற்றிவிடட்டுமா என்று கேட்டேன். "வேணாம், எம் பேரப் போட்டே எழுதுங்க" என்றார். அவர் பெயர் மாயகிருஷ்ணன்.

சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடற்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவர் அவர். பேரலைக்குப் பிறகு ஊருக்குப் புதிய ஃபைபர் படகுகள் வந்தன. எந்தப் படகைக் கரையில் எங்கே ஏற்றி நிறுத்துவது என்று ஒருநாள் தகராறு. கோபத்தில் மாயகிருஷ்ணன் துடுப்பை வீச, ஊர்த் தலைவரின் மகன் சேகருக்குக் கை முறிந்துவிட்டது. மாயகிருஷ்ணன் சிதம்பரம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அறிக்கையைப் பார்த்த நீதிபதி அவரை நன்னடத்தைப் பிணையில் வீட்டுக்கு அனுப்பினார். அனுமதி இல்லாமல் ஊரை விட்டு வெளியூர் போகக் கூடாது, ஒழுங்காகத் தொழில் பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

நீதிமன்றம் மன்னித்தது. ஊர் மன்னிக்கவில்லை. அவரை எந்தப் படகிலும் ஏற்றக் கூடாது, அவர் வீட்டோடு யாரும் பேசக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டுவிட்டார்கள். அவர் மனைவி அஞ்சலைக்கு ஏலத்தில் மீன் கொடுக்கவில்லை. கடலோரத்தில் பிறந்தவர் கடலுக்குப் போக முடியாமல் வாசலில் உட்கார்ந்திருந்தார். கேரளாவுக்கு ஓடிப்போய்விடலாம் என்று கணவனும் மனைவியும் துணியைக் கட்டி வைத்திருந்த நாளில்தான் அக்கா அங்கே போய்ச் சேர்ந்தார்.

"போனா புடிப்பாங்க, புடிச்சா ஜெயிலு. தெரியும்ல தம்பி?" என்றார் அக்கா.

"இங்க இருந்தா மட்டும் என்ன மேடம், பட்டினிதான்."

"சேகர்கிட்ட மன்னிப்புக் கேட்டியா?"

மாயகிருஷ்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அதான் கோர்ட்ல ஒத்துக்கிட்டேனே. இன்னும் எத்தினி பேருகிட்ட ஒத்துக்கணும்?"

"நீ கோர்ட்டையா அடிச்ச? அவன் கையத்தான அடிச்ச. அவன்கிட்ட ஒத்துக்கிட்டியா?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அஞ்சலை எழுந்து போய், கட்டி வைத்த துணி மூட்டையை அவிழ்த்தாராம்.

தலைவர் முதலில் அக்காவைப் பார்க்கவே மறுத்தார். அக்கா விடவில்லை. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஏலம் நடக்கும் இடத்தில் பெண்களோடு பெண்ணாகப் போய் உட்கார்ந்துகொள்வார். எங்கள் அம்மா மீன் விற்ற கதையைச் சொல்வார். மீன் வகைகளின் பெயரெல்லாம் சொல்லும் இந்த "கோர்ட்டு அம்மா" யாரென்று பெண்கள் விசாரிக்க, நம்ம இனத்துப் பெண்தான் என்று தெரிந்தது. அந்தப் பெண்களில் ஒருவர் சேகரின் மனைவி. அவர் வழியாகத்தான் அக்காவின் பேச்சு தலைவர் வீட்டுக்குள் போனது.

கடைசியில் ஊர்க் கூட்டம் ஒன்றில் மாயகிருஷ்ணனை வரச்சொன்னார்கள். கோயில் முன்னால் ஆண்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அக்காவும் போய் நின்றார். தலைவருக்கு முகம் மாறியது.

"இன்னாம்மா இது, பொம்பளைங்க பேசற எடமா?"

"நான் பேசல மாமா. நின்னுக்கிட்டிருக்கேன். அவரு பேசுவாரு. நீங்க கேட்டா போதும்."

வேற்றூரில், அத்தனை ஆண்கள் நடுவில், 'மாமா' என்று கூப்பிட்ட ஒரு பெண்ணை வெளியே போகச் சொல்லத் தலைவருக்கு வாய் வரவில்லை. மாயகிருஷ்ணன் எழுந்தார். ஊரைப் பார்த்துப் பேசுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ நேராகச் சேகர் முன்னால் போய் நின்றார்.

"உங் கைய ஒடச்சது நான்தான் மச்சான். ஆத்திரத்துல பண்ணல, ஆணவத்துல பண்ணேன். ஊரு என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். நீ மட்டும் எம் மொகத்தப் பாத்துப் பேசிடு."

தலைவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் சேகர் எழுந்துவிட்டார். ஆறிப்போன கையை நீட்டிக் காட்டி, "இது சரியாப் போச்சுப்பா. ஆனா எஞ்சினத் தூக்கினா வலிக்குது, நல்ல ஆளும் கெடைக்கல. காலைல எம் போட்டுக்கு வரட்டும்" என்று தன் அப்பாவிடமே சொன்னார்.

"கட்டுப்பாடு போட்டது ஊரு" என்றார் தலைவர்.

"அடி வாங்கினது நான்" என்றார் சேகர்.

கட்டுப்பாடு அங்கேயே எடுக்கப்பட்டது. மறுநாளே முதல் பேருந்தைப் பிடித்து அக்கா மறுபடியும் அந்தக் கரைக்குப் போனாராம். அடித்தவரும் அடி வாங்கியவரும் ஒரே படகைத் தள்ளிக்கொண்டு அலைக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்க்காமல் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. அன்று காலை ஏலத்தில் முதல் கூடையை அஞ்சலை எடுத்தார்.

அந்த நாள் எனக்கும் நினைவிருக்கிறது. காரணம் அப்போது தெரியாது, ஆனால் அக்கா சிரித்த முகத்தோடு வீட்டுக்குள் வந்து, எல்லோரும் சினிமாவுக்குப் போகலாம் என்றார். "என்னா விசேஷம்?" என்று அக்காவின் கணவரான மாமா கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல, கடலு நல்லா இருக்கு" என்றார். மாமா என்னைப் பார்த்து, "உங்கக்கா ஊருல இருக்கறவன எல்லாம் திருத்திட்டா, பாக்கி நான் ஒருத்தன்தான்" என்றார்.

பிணைக் காலம் ஒரு புகாரும் இல்லாமல் முடிந்தது. சிதம்பரம் நீதிமன்றத்தில் நீதிபதி அதைச் சொல்லி முடித்ததும், வெளியே மாயகிருஷ்ணன் அக்காவின் காலைத் தொடக் குனிந்திருக்கிறார். அக்கா விலகிக்கொண்டு, "இனிமே கோர்ட்டுக்கு வராத. வீட்டுக்கு வா" என்றாராம். அன்றிலிருந்து அவர் 'மேடம்' என்பதை விட்டுவிட்டு 'யக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

சென்ற ஆண்டு அக்காவுக்கு உடம்பு முடியாமல் போனது. வைத்தியத்துக்குப் பலன் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னதை அக்கா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். மருத்துவமனையிலும் அலுவலகத்துப் பேச்சுத்தான். ஒருநாள் மாயகிருஷ்ணனும் சேகரும் ஒரே வண்டியில் வந்து கட்டில் அருகே நின்றார்கள். யாரென்று எங்களுக்கு அப்போது தெரியாது. ஒன்றும் கொண்டுவரவில்லையே என்று சேகர் கூச்சப்பட்டார். அக்கா அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேரும் ஒண்ணா வந்தீங்க பாரு, அது போதும்டா" என்றார். அன்று முழுக்க வலி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அக்கா கண் மூடிய அன்று எங்கள் வாசலில் நாங்கள் அறியாத முகங்கள் வந்துகொண்டே இருந்தன. பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பேரப்பிள்ளையோடு வந்தார். கடை வைத்திருக்கும் ஒருவர் கடையை மூடிவிட்டு வந்தார். "நீங்க யாருங்க?" என்று சித்தப்பா கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான் வந்தது: "அக்காவுக்குத் தெரிஞ்சவங்க."

கொஞ்ச நேரத்தில் அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சித்தப்பாவைக் கூப்பிட்டு, "யாரையும் யாருன்னு கேக்காதீங்க. எல்லாரும் நம்ம வீட்டு ஆளுங்கதான்" என்றார். அதன்பின் யாரும் கேட்கவில்லை. பாடையைத் தூக்க மாமாவோடும் எங்கள் தம்பிகளோடும் அவர்களும் தோள் கொடுத்தார்கள். சுடுகாடு வரை தோள் மாற்ற ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

அக்காவை நம்பி ஊர் ஊராக அனுப்பிய அலுவலருக்கும், உடன் வேலை செய்தவர்களுக்கும், கடைசி நாட்களில் இரவு பகல் பாராமல் கவனித்த செவிலியர்களுக்கும், மாமாவுக்குத் துணையாக நின்ற உறவுகளுக்கும் எங்கள் நன்றி. அன்று தோள் கொடுத்தவர்களே, உங்கள் பெயர்கள் எங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. உங்களுக்கும் நன்றி. நீங்கள் நிமிர்ந்து நடக்கும் வரை எங்கள் அக்கா தோற்கவே இல்லை.