மெய்னிர் கண்ணில் சேர்த்த மலைகள்

டொல்கெத்லே ஊரைச் சுற்றியுள்ள மலைப்பண்ணைகளுக்கு இருபது வருஷத்துக்கு மேலாகத் தபால் கொண்டு போனவள் மெய்னிர். எந்த வாசலில் எந்த நாய் குரைக்கும், எது குரைக்காமலே வந்து கடிக்கும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. ஐம்பத்திரண்டாவது வயதில் முகவரிகளின் நடு எழுத்துகள் காணாமல் போக ஆரம்பித்தன. கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள், எழுத்துகள் திரும்பி வரவில்லை. பாங்கர் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்க்கொண்டிருக்கிறது. ஓரப்பார்வை கொஞ்சம் தங்கும். மருந்து கிடையாது. வண்டி இனிமேல் ஓட்டக் கூடாது.

வண்டிச் சாவியை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது அவள் புருஷன் இத்வால் மேய்ச்சல் நிலத்தில் சரிந்த கல்சுவரை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டான். கையிலிருந்த கல்லை அதன் இடத்தில் வைத்தான். இன்னொரு கல்லை எடுத்தான், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு சுவர்மேல் உட்கார்ந்துவிட்டான்.

மெய்னிர் ஊர்த் தேவாலயமான சேப்பலுக்குப் போவதை விட்டு ரொம்ப நாளாயிற்று. மரத்தையும் ஆற்றையும் கும்பிடுகிற பழைய ட்ரூயிட் வழிக்கு வந்தவள் அவள். மௌதாக் ஆற்றங்கரை ஓக் காட்டில் ஏழெட்டுப் பேர் பருவத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். நாலு திக்கையும் பார்த்து அமைதி உண்டா என்று கேட்பார்கள். ஆற்றுக்கும் மரங்களுக்கும் போய்ச் சேர்ந்தவர்களுக்கும் வணக்கம் சொல்லி, ரொட்டியைப் பிட்டு, முதல் துண்டை மண்ணுக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிடுவார்கள். கூட்டத்தை நடத்துகிறவள் ஷோனெட். ஊரில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள், மெய்னிரோடு ஒரே பெஞ்சில் படித்தவள். இத்வாலுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. மனைவியைக் காட்டோரம் இறக்கிவிட்டு, "மரத்தயெல்லாம் நா விசாரிச்சதா சொல்லு" என்பான். காருக்குள்ளேயே ரேடியோ கேட்டுக்கொண்டு காத்திருப்பான்.

அந்த டாக்டரம்மா சொன்ன நாளிலிருந்து மெய்னிருக்கு ஒரு வெறி பிடித்தது. பார்வை போவதற்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். பஞ்சத்துக்குத் தானியம் சேர்க்கிறவள் மாதிரி பார்வையைச் சேர்க்க ஆரம்பித்தாள். காடர் இத்ரிஸ் மலையில் வெயில் ஏறுவது, அருவி, அபெர்மௌ கடற்கரையில் பொழுது சாய்வது. ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, பார்த்து, கண்ணை மூடி, மனசுக்குள் படிந்துவிட்டதா என்று சோதித்துவிட்டு அடுத்ததற்குக் கிளம்பிவிடுவாள். இத்வால் ஆட்டுவேலையை அரைகுறையாகப் போட்டுவிட்டு அவளை ஏற்றிக்கொண்டு அலைந்தான்.

அந்த வசந்தக் கூட்டத்தில் வழக்கம்போல ஒவ்வொருவராக அந்த நொடியில் தங்கள் முன்னால் இருப்பதில் எதையாவது சொன்னார்கள். ஒருத்தர் ஈர மண்வாசனை என்றார். ஒருத்தர் தன் முழங்கால் வலி என்றார். மெய்னிர் மலையுச்சியில் செம்பு நிறமாக விழுந்த வெளிச்சத்தை அழகாக வருணித்தாள்.

"அது காலைல பாத்தது," என்றாள் ஷோனெட். "இப்ப இங்க என்ன இருக்கு?"

மெய்னிர் மறுபடி மலைப் பக்கமே திரும்பினாள்.

"நீ பாக்க வரல மெய்னிர். பாத்தத மூட்ட கட்டி எடுத்துட்டுப் போக வந்திருக்க."

"ஒனக்கென்ன, ரெண்டு கண்ணும் நல்லா இருக்கு. பேசுவ."

ஷோனெட்டின் முகம் வாடியதை மற்றவர்கள் பார்த்தார்கள். மெய்னிர் பார்க்கவில்லை, விடுவிடுவென்று காருக்கு நடந்துவிட்டாள். அதன்பிறகு கோடை முழுக்கக் காட்டுப் பக்கமே போகவில்லை. தலைமுடி காதுக்குக் கீழே வளர்ந்து தொங்கியது, கடைப் பக்கமும் போகவில்லை.

செப்டம்பர் கடைசியில் மேற்குக் கோடி முனைக்குப் போக வேண்டும் என்று நின்றாள். அங்கிருந்து கடலுக்கு அப்பால் எனிஸ் எந்த்லி தீவு தெரியும். சின்ன வயதில் அப்பாவோடு பார்த்தது. இரண்டு மணி நேரம் ஓட்டிக்கொண்டு போனால் முனையில் மூடுபனி. தீவும் இல்லை, கடலும் இல்லை. மெய்னிர் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பனி விலகவில்லை. கிளம்பத் தாமதமானதற்கு அவன்தான் காரணம் என்றாள். நொண்டி ஆட்டுக்கு மருந்து போட இன்றைக்குத்தானா நாள் கிடைத்தது என்றாள். இன்னும் என்னென்னவோ சொன்னாள். இத்வால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சத்தம் போடாமல் சொன்னான்:

"ஒரு வருஷமா ஒன் பக்கத்துலயே நிக்கறேன். என்னய ஒரு தடவயாவது பாத்தியா?"

அவள் திரும்பினாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள். தொப்பியின் விளிம்பு தெரிந்தது. ஒரு காது தெரிந்தது. கோட்டின் காலர் தெரிந்தது. நடுவில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பனியைப் போலவே ஒரு சாம்பல் திட்டு. பனி என்று நினைத்து ஒரு அடி கிட்டே போனாள். திட்டும் கூடவே வந்தது.

எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியவில்லை. போன மாதமா, வேனிலிலா? மலைகள் ஒவ்வொன்றும் மனசில் பத்திரமாக இருந்தன. அவன் முகத்தைத் தேடினால் கல்யாணப் போட்டோவில் இருந்த பையன்தான் வந்தான்.

"காணோம் இத்வால்," என்றாள். "நீ காணோம்."

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் அவள் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். மழிக்காத தாடி. குளிரில் ஈரமாக இருந்தது. அது பனியின் ஈரமில்லை. கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவன் அழுது அவள் அறிந்ததில்லை. நெற்றியிலிருந்து மோவாய்வரை மெதுவாகத் தடவிப் பார்த்தாள். மனசில் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற நினைப்பே அப்போது அவளுக்கு வரவில்லை. அவன் முகம் கைக்குக் கீழே இருந்தது, அவ்வளவுதான். இருட்டும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள்.

அக்டோபர் கடைசி நாள், குளிர்காலம் பிறக்கும் நாள். இறந்தவர்களைப் பேர் சொல்லி அழைக்கும் கூட்டம் அன்றைக்கு. மெய்னிர் போனாள். காட்டுப்பாதையில் வேர்கள் தடுக்கும் என்பதால் இத்வாலும் உள்ளே வந்தான். வந்தவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, சேப்பலில் நிற்பதைப் போலவே விறைப்பாக நின்றான்.

ஷோனெட் கிட்டே வந்து மெய்னிரின் தலையைத் தொட்டாள். "இது என்ன முடி, வைக்கோல் போரா? நாளைக்கு கடைக்கு வா." அதற்குமேல் அவர்கள் இருவரும் பழையதைப் பேசவில்லை.

மழை தூறிக்கொண்டிருந்தது. மெய்னிரின் முறை வந்தது.

"வலது கை குளிருது," என்றாள். "இடது கை இத்வாலோட கோட்டுப்பைல இருக்கு. பைக்குள்ள ஆட்டுத் தீவனம் கெடக்கு."

யாரோ சிரித்தார்கள், உடனே அடங்கினார்கள். மேற்கே திரும்பி அமைதி கேட்பதும் அன்று அவள் பங்குக்கு வந்தது. கேட்டாள். ஆறு ஓடும் சத்தம் கேட்டது. அவள் அப்பாவின் பேரைச் சொன்னாள். ரொட்டியின் முதல் துண்டைக் குனிந்து இலைச்சருகின்மேல் வைத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது என்று சொல்ல முடியாது. கொதிக்கிற கெட்டிலில் கையைச் சுட்டுக்கொண்டாள். சில நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அப்போதெல்லாம் இத்வால் தேநீரை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுவான். மற்ற நாள்களில் கைத்தடியோடு ஆற்றங்கரைக்குப் போய் ஒரு ஓக் மரத்தடியில் உட்காருவாள். எதையும் தேடிப் போக மாட்டாள். நீர்க்காகம் கத்தினால் கேட்பாள், கத்தாவிட்டால் அதுவும் சரிதான்.

போன மார்ச்சில் கிழட்டு ஆடு ஒன்று பிரசவத்தில் திணறியது. மெய்னிர் அதன் தலையை மடியில் அணைத்துக்கொண்டாள். இத்வால் கையை முழங்கைவரை உள்ளே விட்டு இழுத்தான். முதல் குட்டி செத்தே வந்தது. இரண்டாவதும் மூச்சில்லாமல் கிடந்தது. அதை அவள் கையில் கொடுத்தான். வைக்கோலால் விலாவை அழுத்தித் தேய்த்தாள், மூக்கில் அடைத்த சளியை விரலால் வழித்தாள், திரும்பத் தேய்த்தாள்.

"விடு மெய்னிர், அது போயிருச்சு."

"இரு."

அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள். சிறிது நேரத்தில் குட்டி ஒரு தும்மல் தும்மியது. அவள் உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு ஏறி இறங்க ஆரம்பித்தது. இத்வால் செத்த குட்டியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே போனான். தாய் ஆடு எழுந்து நின்று நக்க வரும்வரை மெய்னிர் ஈர வைக்கோலிலேயே உட்கார்ந்திருந்தாள்.