வராத பன்னிரண்டு இதழ்கள்

கட்டிடத் தொழில் சஞ்சிகையில் வேலை என்றால், ஒரு செங்கல்லைக்கூட நேராக வைக்கத் தெரியாத ஆட்கள், நாள் முழுக்கச் செங்கல் வைக்கிற ஆட்களுக்குச் செங்கல்லைப் பற்றி மாதாமாதம் எழுதி அனுப்புவது. நான் பதினெட்டு வயதில் அங்கே போய்ச் சேர்ந்தேன். பன்னிரண்டாம் வகுப்பைப் பாதியில் விட்டிருந்தேன். ஏன் விட்டாய் என்று கேட்காதீர்கள். பிடிக்கவில்லை, விட்டேன்.

நேர்முகத்தில் "நாங்கள் எல்லாரும் ஒரு குடும்பம்" என்று சொல்லிவிட்டு, திங்கட்கிழமை போனால் போட்டோகொப்பி மெசினுக்குப் பக்கத்தில் கால் நீட்ட இடமில்லாத மேசை தருகிற கம்பனிகளில் நீங்களும் வேலை செய்திருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அங்கே எல்லாரும் பேசியது இங்கிலீசு. நான் எங்கள் வீட்டுத் தமிழில் தருகிறேன். அவர்கள் வாய்க்கு அது நன்றாகத்தான் பொருந்துகிறது.

சும்மா கிடைக்கிற புத்தகம்

எங்கள் சஞ்சிகைக்குச் சந்தா இல்லை. கட்டிடத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சும்மா அனுப்புவோம். செலவெல்லாம் விளம்பரக்காரர் தலையில். வாசகர் செய்ய வேண்டியது ஒன்றுதான், தான் யார், என்ன தொழில் என்று வருடத்துக்கு ஒருமுறை ஓர் அட்டை நிரப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாதவர்களுக்கு ஃபோன் எடுப்பது என் வேலை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ரொறன்ரோவில் கிரேன்கள் அசையாமல் நின்றன. கண்ணாடி போடாத மாடிகளுக்குள்ளால் மறுபக்கத்து வானம் தெரிந்தது. என்னுடைய பட்டியலில் பாதிப் பேருக்கு ஃபோன் வேலை செய்யவில்லை. மீதிப் பாதிக்கு ஃபோன் வேலை செய்தது, அவர்களுக்குத்தான் வேலை இல்லை. எற்றோபிக்கோவில் கூரை போடுகிற ஒருவரிடம், "எங்கடை புத்தகம் ஒழுங்கா வருதோ?" என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவர் சொன்னார்: "வருது பிள்ளை. அதுக்குள்ளை எல்லாரும் மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு சிரிச்சபடி நிக்கினம். அவை எங்கை வேலை செய்யினம் எண்டு கேட்டுச் சொல்லு, நானும் போறன்."

லிஃப்ற்றில் வந்த அன்ரி

நாங்கள் டோர்செட் பார்க்கில் பதினான்காம் மாடியில் இருந்தோம். இரண்டு லிஃப்ற், ஒன்று எப்போதும் பழுது. அதனால் யாரிடமும் தப்ப முடியாது. நான் பள்ளிக்கூடத்தை விட்டதை மறைக்க அம்மா கட்டிடம் முழுக்க "மகள் பத்திரிகையிலை வேலை" என்று சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் பதினோராம் மாடி அன்ரி லிஃப்ற்றுக்குள் என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படத்தை முன்பக்கத்தில் போடுவீர்களா என்று கேட்டார்.

"அன்ரி, இது அந்தப் பேப்பர் இல்லை. கொங்கிறீற், கம்பி, சிமெந்து, இதுகளைப் பற்றித்தான் எழுதுறது. எழுபத்தைஞ்சு வருசமா வருது" என்றேன். அன்ரி என் கையை விட்டார். இரண்டு மாடி யோசித்தார். பிறகு சொன்னார்: "சிமெந்தைப் பற்றி எழுபத்தைஞ்சு வருசமா எழுதுகினம் எண்டால், அவைக்கு இன்னும் விளங்கேல்லைப் போலை."

பதினான்காம் தொகுதி

அந்த எழுபத்தைந்தில்தான் என் கரைச்சல் தொடங்கியது. ஆண்டு நிறைவுச் சிறப்பிதழ் வரப்போகிறது. முன்னட்டையில் பெரிய எழுத்தில் என்ன வரவேண்டும் என்று ஆசிரியர் வோல்டரும் விளம்பரப் பகுதி கென்னும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள்: "எழுபத்தைந்து ஆண்டுகள். ஒரு இதழ்கூடத் தவறவில்லை." உள்ளே சஞ்சிகையின் வரலாறு ஒரு பக்கம். அதற்குப் பழைய இதழ்களைப் புரட்டிக் குறிப்பெடுக்க, சம்பளம் குறைந்த ஆள் ஒருவர் தேவைப்பட்டார். சுற்றிப் பார்த்தார்கள், நான் இருந்தேன்.

பின்னறையில் வருடத்துக்கு ஒன்றாகச் சிவப்பு அட்டை போட்டுக் கட்டிய தொகுதிகள். முதுகில் தங்க எழுத்தில் இலக்கம். தூசியில் தும்மிக்கொண்டு வரிசையாக இறக்கினேன். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினைந்து. திரும்பவும் எண்ணினேன். அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தேன். பதினான்கு இல்லை. முப்பதுகளில் ஒரு முழு வருடம், பன்னிரண்டு இதழ்கள், ஒன்றும் இல்லை. வோல்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோப்பியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆரோ இரவல் கொண்டுபோட்டுத் தரேல்லை. பதினாலு வராமல் பதினைஞ்சு எப்பிடி வரும்?"

லைப்ரரியில்

"ஆரோ இரவல்" என்று எழுதி வரலாறு முடிக்க எனக்கு விருப்பமில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சப்வே எடுத்து நகரத்துப் பெரிய லைப்ரரிக்குப் போனேன். அங்கேயும் எங்கள் சஞ்சிகை முதல் தொகுதியில் இருந்து இருந்தது. அங்கேயும் பதினான்கு இல்லை. அவர்களுடைய குறிப்பு அட்டையில் அந்த இலக்கத்துக்கு நேரே பென்சிலால் "காணவில்லை" என்று போட்டிருந்தது.

பதினைந்தைத் திறந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். முதல் இதழின் கடைசிப் பக்கத்தில், ஒரு பெயின்ற் விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு அளவு எழுத்தில் சஞ்சிகையைத் தொடங்கியவர் எழுதியிருந்தார்: "சென்ற ஆண்டு யாரும் கட்டிடம் கட்டவில்லை. ஆகவே நாமும் எழுதவில்லை. இப்போது இரு தரப்பும் மீண்டும் தொடங்குகிறோம்." அவ்வளவுதான். அந்த வருடத்துக்கு உரிய இலக்கத்தை வெறுமையாக விட்டுவிட்டு மனிதர் பதினைந்துக்குப் போய்விட்டார்.

லைப்ரரிப் பெண்மணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி இரண்டு தரம் வாசித்தார். லாச்சியைத் திறந்து அழிறப்பரை எடுத்து, அந்தப் பென்சில் எழுத்தை அழித்தார். "நாங்கள்தான் துலைச்சிட்டம் எண்டு இவ்வளவு காலமும் எங்களையே ஏசிக்கொண்டு இருந்தனாங்கள்."

கென்னின் பயம்

போட்டோகொப்பியைக் கொண்டுவந்து காட்டினேன். வோல்டர் வாசித்துவிட்டு யன்னலைப் பார்த்தார். கென் வாசிக்கவேயில்லை. கென் கெட்ட மனிதர் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் சஞ்சிகை மெலிந்து போயிருந்தது. விளம்பரக்காரர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டிருந்தார்கள். மிச்சம் இருந்தவர்களிடம் "தவறவில்லை" என்ற அந்த ஒரு வரியைக் காட்டித்தான் சிறப்பிதழுக்கு அவர் பக்கம் பக்கமாக விற்றிருந்தார். "ஆக்கள் ஏற்கெனவே பயந்துபோய் இருக்கினம். இந்த நேரத்திலை, நாங்களும் ஒருக்கா நிண்டுபோனனாங்கள் எண்டு சொல்லுறதோ?"

"நிண்டது உண்மைதானே. நான் பொய் ரைப் பண்ணமாட்டன்" என்றேன். குரல் கொஞ்சம் கூடிவிட்டது, போட்டோகொப்பி மெசினில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றில் அந்த வரி போகவேண்டும், அல்லது நான் போகவேண்டும் என்பது அந்த இடத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. கென் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். "பள்ளிக்கூடத்தையே முடிக்கேல்லை. இவவுக்கு இப்ப வரலாறு வேணுமாம்."

வீட்டில்

அன்று இரவுச் சாப்பாட்டில் நடந்ததைச் சொன்னேன். அப்பா எழும்பிப் போய் ரீவியைப் போட்டார். அம்மா மட்டும் கேட்டார், அதுவும் அடுத்த நாள் காலையில், சாப்பாட்டுப் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு: "இதுக்குள்ளை சோறு போடவோ, இல்லை இதையும் விட்டிட்டியோ?"

சிவப்புப் பேனை

சோறு கொண்டுபோனேன். வரலாற்றுப் பக்கத்தை ரைப் பண்ணினேன். பதின்மூன்றுக்கும் பதினைந்துக்கும் நடுவில் ஒரே ஒரு வரி: "பதினான்காம் தொகுதி வரவில்லை, அந்த ஆண்டு யாரும் கட்டவில்லை." சரிபார்க்கப் போன தாள் திரும்பி வந்தபோது கென் அந்த வரியைச் சிவப்புப் பேனையால் வெட்டியிருந்தார். எங்கள் தொழிலில், வெட்டிய வரி இருக்கட்டும் என்றால் அதன் கீழே புள்ளி வைக்க வேண்டும். நான் புள்ளி வைத்தேன். இரண்டாம் தாளிலும் வெட்டினார். புள்ளி வைத்தேன். மூன்றாம் தாளில் தாள் கிழிகிற அளவுக்கு வெட்டினார். கிழிந்த இடத்தைச் சுற்றி வைத்தேன்.

வோல்டர் வந்து தாளை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் என் கோப்பையையும் சுவெற்றரையும் பைக்குள் வைத்தேன். அழவில்லை. யாரும் நம்பமாட்டார்கள், ஆனால் அழவில்லை. கோபம்தான். எழுபத்தைந்து வருடத்தில் ஒரு வருடம் விழுந்து எழும்பின சஞ்சிகை அதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்?

அரை மணித்தியாலம் கழித்து வோல்டர் வெளியே வந்தார். கையில் அட்டைப்படத்தின் தாள். "ஒரு இதழ்கூடத் தவறவில்லை" என்ற வரியை அவரே பென்சிலால் வெட்டியிருந்தார். வரலாற்றுப் பக்கத்தில் என் வரி இருந்தது. தொடங்கியவரின் மூன்று வசனங்களும் அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் வரவேண்டும் என்று குறித்திருந்தார். என் பையைப் பார்த்தார். "இருபது வருசமா ஒவ்வொரு விருந்திலையும் எழும்பி நிண்டு இதைச் சொன்னனான். மண்டபம் நிறைய இஞ்சினியர்மார். ஒருத்தர்கூட எண்ணிப் பாக்கேல்லை."

பகல் பதினொரு மணி

சிறப்பிதழ் வந்த கிழமை ஒரு கம்பனி விளம்பரத்தை நிற்பாட்டியது. கென் அந்தக் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். நான் அதைக் கொண்டுபோய் அவர் மேசையிலேயே திருப்பி வைத்தேன். பிறகு வழமைபோல ஃபோன்.

மிசிசாகாவில் ஒரு மேசன், போர்த்துக்கல்லில் இருந்து வந்தவர், தம்பியோடு சேர்ந்து கம்பனி நடத்தியவர். பகல் பதினொரு மணிக்கு, ஃபோன் ஒருதரம் அடித்ததுமே எடுத்தார். கட்டிட ஆட்கள் அந்த நேரத்தில் வீட்டில் ஃபோன் எடுத்தால் நல்ல சங்கதி இல்லை. வாசகர் நிரப்புகிற அட்டையில் அந்த வருடம் புதிதாக ஒரு கேள்வி, இரண்டு பெட்டி: கம்பனி நடக்கிறது, கம்பனி மூடியாயிற்று. எதற்குப் புள்ளடி போட என்று கேட்டேன். ட்ரக்கை விற்றாயிற்று என்றார். தம்பி வன்கூவருக்குப் போய்விட்டான், கலவை மெசின் கராஜுக்குள் போர்த்திக் கிடக்கிறது என்றார்.

"அப்ப மூடியாச்சு எண்டு போடுறன். இனிப் புத்தகம் வராது" என்றேன். எனக்கு அப்படித்தான் சொல்லத் தெரியும். மறுபக்கத்தில் பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டது. "உங்கடை புத்தகத்திலை கட்டத்துக்குள்ளை ஒருத்தர் எழுதியிருக்கிறார், ஒரு வருசம் எழுதாமல் இருந்தவர். அவர் மூடினவரோ?" என்று கேட்டார். இல்லை, அடுத்த வருடம் திரும்பத் தொடங்கினவர் என்றேன். பிறகு எனக்கு ஓடர் போடுகிற மாதிரிச் சொன்னார்: "அப்ப எனக்கும் மூடியாச்சு எண்டு எழுதாதை. இந்த வருசம் வரேல்லை எண்டு எழுது."

அட்டையில் அதற்குப் பெட்டி இல்லாததால் மூன்றாவதாக ஒன்றை நானே பேனையால் கீறிப் புள்ளடி போட்டேன், கட்டிடத் தொழிலில் நான் கட்டியது அது ஒன்றுதான்.