காதுக்காரர் மாற்றிய டிரம்

சுவருக்கு அந்தப் பக்கம், பட்டறையில், 'கும்... கும்...' என்று சத்தம் எழுந்தது. அடுக்களையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளின் கை அப்படியே நின்றது.

பழைய அறுவடை இயந்திரத்தின் கதிரடிக்கும் டிரம் அது. சரியாக இருந்தால் ஒரே சீராக ரீங்கரிக்கும். இதுவோ சுற்றுக்குச் சுற்று உதைத்தது. அலமாரியில் தம்ளர்கள் நடுங்கின.

டிரம்மில் எட்டு இரும்புப் பட்டைகள். தேய்ந்ததைக் கழற்றிப் புதிதைப் பூட்டினால், நேர் எதிரே இருப்பதும் அதே எடையில் இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாகத் தராசில் நிறுத்துக் கொடுத்தவள் அவள்தான். இந்த ஒரு மாதமாகக் கணவர் அவளைத் தராசு பக்கமே விடவில்லை. "என் காது போதும், போடி!"

எந்த இயந்திரத்தின் கோளாறையும் கேட்டே சொல்லிவிடுவதால் ஊரே அவரைக் 'காதுக்காரர்' என்றது. அந்தக் காது செத்து ஒரு வருடமாகிறது. உதட்டைப் பார்த்தே சமாளிக்கிறார். இது அவள் ஒருத்திக்கு மட்டுமே தெரியும். வெளியே தெரிந்தால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஈரக் கையோடு பட்டறைக்கு ஓடினாள். ஓட்டுநர் இருக்கையில் அந்த இயந்திரத்தை ஓட்டும் அவளுடைய தம்பி. அவன் காலடியில்தான் டிரம். கீழே இயந்திரத்தின் சொந்தக்காரர்.

"பஞ்சு மாதிரி ஓடுது! எடுத்துட்டுப் போங்க" என்றார் கணவர்.

"தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு மாமா! தூக்கமே வருது" என்று சிரித்தான் தம்பி.

"கிழட்டு வண்டி, ஆடத்தான் செய்யும்" என்றார் சொந்தக்காரர்.

பட்டை ஒன்று பிய்த்துக்கொண்டால் தம்பியின் கால் இருக்காது. ஏன், உயிரே இருக்காது. பட்டறையா, தம்பியா?

"டேய், நிறுத்துடா!" என்று அலறினாள். தம்பி பதறி நிறுத்தினான். "இவருக்குக் காது கேக்காதுங்க! ஒரு வருசமாச்சு. டிரம் உதைக்குது, அது இவருக்குத் தெரியாது!"

அவள் உதடுகளைப் படித்த கணவரின் முகம் வெளிறியது.

சொந்தக்காரர் அவளையே பார்த்தார். "அப்ப போன வாரம் மாத்திக் கொடுத்த என் இன்னொரு வண்டி? அதோட பட்டையையாவது தராசுல நிறுத்துப் பார்த்தீங்களாம்மா?"

அவள் இல்லையென்று தலையசைத்தாள்.

"ஐயோ, என் மகன் இப்ப வயல்ல அதைத்தான் ஓட்டிக்கிட்டிருக்கான்!"

மகனுக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. போனைக் காதிலிருந்து எடுக்காமலே வெளியே ஓடினார். அவருக்குப் பின்னால் தகரக் கதவு படாரென்று மூடிக்கொண்டது.